வெள்ளை லேபிளும் ஒரு ஜன்னலும்

அந்தச் சலவைக் கடையில் உழைக்கிறவள் அவள், பேர் வாங்குகிறவர் அவள் புருஷன். வாசலில் வந்து நின்று, "புரொபசர் இருக்காரா?" என்று எவராவது கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். புரொபசராம்! எந்தக் கல்லூரியிலாம்? மாமனார் நடத்திய கடைக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்த மனுஷர், இன்றுவரை ஒரு சட்டைக் காலரைச் சுருக்கமில்லாமல் தேய்க்கத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் இசைத்தட்டு. அதுவும் பெரிய தட்டு கிடையாது; பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு இருக்கும் சின்னத் தட்டு. சிங்கிள் என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பவ்யம் வரும் பாருங்கள், கட்டின பெண்டாட்டியை ஒருநாளும் அந்த முகத்தோடு கூப்பிட்டதில்லை.

காலையில் கடை திறந்ததும் அவள் ஸ்டீம் பிரஸ் முன்னால் நின்றுவிடுவாள். பேன்ட்டை விரிக்க வேண்டும், மூடியை இறக்க வேண்டும், புஸ்ஸென்று ஆவி கிளம்பி முகத்தில் அடிக்கும், மூடியைத் தூக்கினால் அடுத்த பேன்ட். நடுவில் கவுன்டருக்கு ஓடி வருகிற துணிக்கு நம்பர் குத்த வேண்டும், போகிற துணியைக் கம்பி ஹேங்கரில் மாட்டி பிளாஸ்டிக் உறை போட வேண்டும். வலது முன்கை முழுக்கச் சூடுபட்ட தழும்பு. புரொபசரோ காபி குடித்த கையோடு, "மேல கொஞ்சம் வேலை இருக்கு," என்று மாடிக்கு நழுவிவிடுவார். என்ன வேலை? உறையிலிருந்து தட்டை எடுப்பது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது, திரும்ப உறையில் போடுவது. இதைச் செய்ய வெள்ளைக் கையுறை வேறு. பல்லுப் பிடுங்குகிறவன் தோற்றான் போங்கள்.

மாடியில் இருப்பது ஒரே ஒரு நல்ல அறை. தெருவைப் பார்த்த அகலமான ஜன்னல், எந்நேரமும் காற்று. அவளும் அவள் தங்கையும் வளர்ந்த அறை அது. இப்போது அந்த ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து மூடியாயிற்று. தட்டுக்கு வெயில் ஆகாதாம், தூசி ஆகாதாம், கீழே இருந்து வருகிற ஆவி ஆகவே ஆகாதாம். நாள் முழுக்க அந்த ஆவியில் வேகிற பெண்டாட்டிக்கு ஆகுமா என்று அந்த மனுஷருக்கு ஒருதடவையாவது தோன்றியிருக்க வேண்டுமே, ம்ஹூம்.

சரி, இவ்வளவு தட்டு வைத்திருக்கிறாரே, வீட்டில் பாட்டு கேட்குமா என்றால் அதுவும் இல்லை. ஊசி பட்டால் தட்டு தேய்ந்துபோகும். ஆகவே பாட்டு வேண்டாம், கதை போதும். ஒவ்வொரு தட்டுக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. இந்தத் தட்டில் பாடியவன் கல்யாணத்தன்று காணாமல் போனவன். அந்தத் தட்டில் கிடார் வாசித்தவன் கண் தெரியாமல் போய் பார்க்கில் கிடந்து செத்தவன். எல்லாம் அழுகை, எல்லாம் சாவு. பாடினோமா, கூலியை வாங்கினோமா, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினோமா என்று ஒரு பாடகன், ஒரு பாடகி அவர் அலமாரியில் கிடையாது. இந்தக் கதையெல்லாம் எங்கிருந்து கிடைக்கிறது? பாதி, தட்டை விற்றவன் தலையில் கட்டியது. மீதி அவரே அளந்து விட்டது.

அதைக் கேட்க ஒரு கூட்டம் வேறு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால் பல் டாக்டர் வருவார், பேங்க்கில் ரிட்டயரான மேனேஜர் வருவார், கூடவே இன்னும் இரண்டு மூன்று பேர். செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, கோயிலுக்குப் போகிற மாதிரி மாடியேறுவார்கள். தட்டின் உறையை மோந்து பார்ப்பார்கள். லென்ஸை வைத்துக்கொண்டு தட்டின் லேபிள் ஓரத்தில் கீறியிருக்கிற எழுத்தைப் படிப்பார்கள். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை? பேசமாட்டார்கள். டீ கொண்டுபோனால் நடையிலேயே நின்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவார்கள். வீட்டுக்காரிக்கு நிலைப்படி வரைதான் அனுமதி.

இந்தக் கூட்டத்துக்குப் பெரிய நாள் வருஷத்தில் ஒன்று உண்டு. அன்றைக்கு வெள்ளை லேபிள் சுற்றும். பழைய பேப்பர் கடையில் கட்டோடு வாங்கிய தட்டுகளுக்கு நடுவே கிடைத்தது அது. நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத் தாள் வெறும் வெள்ளை. பாடியவர் பேர் இல்லை, கம்பெனி பேர் இல்லை, ஒன்றுமே இல்லை. விற்பனைக்கு வருமுன் சரிபார்க்க எடுத்த மாதிரித் தட்டு. முதல் தடவை அவர் அதைப் போட்டபோது உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் கிளம்பியது. ஆழமான, இழுபட்ட, மூச்சுத் திணறுகிற குரல். "நி...ல்...லு... நா...னும்... வ...ரேன்..." புரொபசர் ஆடிப்போய்விட்டார். அன்றோடு முடிவு கட்டினார், இதை அடிக்கடி போடக்கூடாது, வருஷத்துக்கு ஒருமுறைதான், அதுவும் தன் கையால்தான், பிளேயரில் முதல் நாள் எது எப்படி இருந்ததோ அதில் ஒரு மாற்றமும் கூடாது.

குரலுக்கு ஒரு ஆள் வேண்டுமே. முதல் வருஷம் சளி பிடித்த பாடகன் என்றுதான் சொன்னார். மறு வருஷம் அவன் மாலுமி ஆனான். அதற்கடுத்த வருஷம் மாலுமிக்கு ஒரு பெண்டாட்டி வந்து, வந்த வேகத்தில் செத்தும் போனாள். பிறகு மாலுமி இந்தப் பாட்டைப் பாடிவிட்டு நேராகக் கடலுக்குள் நடந்தான். "ஜன்னல் ஓரம் எனக்கொரு இடம்" என்று பாட்டில் ஒரு வரி வரும். அது மேலுலகத்து ஜன்னலாம். மேனேஜர் அந்த இடத்தில் கைக்குட்டையை எடுப்பார். பேங்க்கில் கடன் கேட்டு வந்தவர்களைப் பார்த்து ஒருநாளும் கலங்காத கண்!

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தங்கை வந்து இறங்கினாள். பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற வேலை அவளுக்கு. எத்தனையோ வருஷமாக இந்த ஊர் ஜனங்கள் அவள் குரலைக் கேட்டுத்தான் பஸ் ஏறினார்கள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். வேலையோடு கொடுத்த குவார்ட்டர்ஸில் தனியாக, நிம்மதியாக இருந்தாள். கழுத்தில் கட்டி வந்தது. கட்டியை எடுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் போயிற்று. காதருகே வந்து குசுகுசுத்தால் உண்டு, அதற்குமேல் எழும்பாது. குரல் போனபின் அந்த வேலை எப்படி இருக்கும்? வேலையோடு குவார்ட்டர்ஸும் போயிற்று.

கடைக்குப் பின்னால், அழுக்குத் துணி மூட்டைக்கும் கறை எடுக்கிற மருந்து டப்பாவுக்கும் நடுவே மடக்குக் கட்டில் போட்டு அவளைப் படுக்க வைத்தார்கள். மருந்து நெடி ஏறினால் இருமுவாள். இருமினால் ஆபரேஷன் செய்த இடம் பிய்வது போல் வலிக்கும், கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். காற்று வருகிற அறையில் வைக்காவிட்டால் நெஞ்சையும் கெடுத்துக்கொள்வாள் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவந்த அன்றே அக்கா பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, மேல இருக்கற ரூமை அவளுக்கு விட்டுடுங்க."

"எந்த ரூமை?" என்றார் புரொபசர், வீட்டில் பத்து அறை இருக்கிற மாதிரி.

"உங்க தட்டெல்லாம் சொகுசா படுத்திருக்கே, அந்த ரூமைத்தான்."

"என்ன பேசற நீ? அதுங்களை எங்க கொண்டுபோய் வைக்கறது? கீழ வெச்சா சூட்டுல அப்பளம் மாதிரி வளைஞ்சு போயிடும்."

"அவ வளைஞ்சா பரவாயில்லையா?"

"மனுஷங்க எப்படியும் சமாளிச்சுக்குவாங்க. தட்டு சமாளிக்காது," என்றார். கூசாமல் சொன்னார். அவளுக்கு அந்த நேரம் கையிலிருந்த ஹேங்கரை அவர் தலையில் மாட்டலாம் போல இருந்தது. தங்கைக்காரி மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் தினமும் கேட்டாள், தினமும் அதே அப்பளத்தைச் சொன்னார்.

வெள்ளை லேபிள் சுற்றுகிற ஞாயிறு வந்தது. அன்றைக்குக் கூட்டம் அதிகம். ஒருத்தி கையால் அத்தனை டீயையும் தூக்க முடியாது என்று தங்கையும் ஒரு டீத் தட்டை ஏந்திக்கொண்டு மாடியேறினாள். இருவரும் நிலைப்படியில் நின்றார்கள். உள்ளே கறுப்புத் துணியின் இருட்டில் எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, புரொபசர் ஊசியை இறக்கினார்.

"நி...ல்...லு... நி...ல்...லு..."

"இந்த இடத்துல மூச்சு வாங்கறான் கவனிங்க," என்றார் தாழ்ந்த குரலில். "தண்ணிக்குள்ள இறங்கப்போறவனோட மூச்சு அது. முடிவு பண்ணிட்டான்."

"அடடா," என்றார் பல் டாக்டர்.

தங்கையின் கையில் டீ டம்ளர்கள் கிலுகிலுவென்று ஆடின. அக்கா திரும்பிப் பார்த்தாள். தங்கையின் தோள் குலுங்குகிறது, கண்ணில் நீர் முட்டுகிறது, ஒரு கை கழுத்தைப் பிடித்திருக்கிறது. மருந்து நெடி மாடிக்கும் வந்துவிட்டதோ என்று அவளுக்குப் பகீரென்றது.

"என்னடி? தண்ணி வேணுமா?"

தங்கை அவள் காதோடு வாயை வைத்தாள். அது இருமலில்லை, சிரிப்பு. சத்தம் வராத சிரிப்பு.

"அக்கா... இது நான்க்கா."

"என்ன உளர்ற?"

"நில்லு நில்லு. நம்ம பாட்டு. உன் செருப்பை மாட்டிக்கிட்டு வந்து பாடினேனே."

அக்காவுக்கு அப்படியே மறுபடி கண்முன் வந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனது. பாட்டுப் பதிவு செய்கிற இடத்தில் முட்டை அட்டை ஒட்டிய சுவர், தாடி வைத்த கிடார்காரன், வெளியே பெஞ்சில் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் காவல் இருந்தது. உள்ளே தங்கை துள்ளித் துள்ளிப் பாடியது. பஸ்ஸைத் துரத்துகிற பெண்ணைப் பற்றிய விளையாட்டுப் பாட்டு. தட்டு வரும் வரும் என்று கடை கடையாக ஏறி இறங்கிக் கேட்டார்கள். கம்பெனியே இழுத்து மூடியாயிற்று என்று ஒருநாள் தெரிந்தது. வீட்டில் மூச்சு விடாமல் இருவரும் அதை மறந்தார்கள். தங்கை தன் குரலைத் தட்டில் ஒருதடவைகூடக் கேட்டதில்லை.

"ஸ்பீடு தப்புக்கா," என்று குசுகுசுத்தாள் தங்கை. "மெதுவா சுத்துது."

அவ்வளவுதான். அக்கா டீத் தட்டோடு உள்ளே நுழைந்தாள். யாரும் கையுறை இல்லாமல் தொடாத அலமாரியின் தலையில் அதை ணங்கென்று வைத்தாள்.

"ஏய்! டீயோட உள்ள வராதேன்னு எத்தனை தடவை..." புரொபசர் பதறி எழுந்தார்.

"அது பாடற ஸ்பீடா? பெரிய தட்டுக்கு வெக்கிற ஸ்பீட்ல சின்னத் தட்டை விட்டுட்டு மாலுமியாம், கடலாம்! நகருங்க."

"தொடாதே! முதல் நாள்லேர்ந்து அது அப்படியேதான்..."

அவள் தழும்பேறிய கையை நீட்டி பிளேயரில் முப்பத்துமூன்றில் இருந்த ஸ்பீடு விசையை நாற்பத்தைந்துக்குத் தள்ளினாள். மாலுமியின் குரல் வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. அடுத்த நொடி அந்த இருட்டறைக்குள் ஒரு சின்னப்பெண் ஓடி வந்துவிட்டாள். "நில்லு நில்லு, நானும் வரேன்! ஜன்னல் ஓரம் எனக்கொரு இடம்!" டிரம் துள்ளியது, கிடார் கலகலத்தது, பெண் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே பாடினாள். அக்காவுக்குத் தாங்கவில்லை. நடு அறையில் நின்று ஓவென்று அழுதாள். தங்கை நிலைப்படியிலேயே நின்றாள். உதடு மட்டும் கூடவே பாடியது.

பாட்டு முடிந்தது.

"அப்போ மாலுமி?" என்றார் மேனேஜர்.

"மாலுமியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பாடினவ இதோ நிக்கறா. என் தங்கச்சி."

எல்லோரும் திரும்பித் தங்கையைப் பார்த்தார்கள். ஒரு நொடி பார்த்திருப்பார்கள். கழுத்தில் தழும்பும் கையில் டீயுமாக ஒரு நடுத்தர வயதுப் பெண். பார்க்க என்ன இருக்கிறது? திரும்பத் தட்டைப் பார்த்தார்கள்.

"இது ரொம்பச் சாதாரணமா இருக்கே," என்றார் பல் டாக்டர், ஏமாந்துபோய்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. அந்தப் பழைய ஸ்பீடுலயே இன்னொரு தடவை போட்டுக் காட்டச் சொன்னா நல்லா இருக்கும்."

கேட்டீர்களா? எதிரே உயிரோடு நிற்கிறவள் வேண்டாம், இல்லாத ஒருவன் கடலில் விழ வேண்டும். இவர்கள் ரசிகர்களாம்!

புரொபசர் வாழ்க்கையில் முதல்முறையாக மைத்துனியிடம் அக்கறையாக ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, அன்னிக்குப் பாடும்போது உன் மனசுல ஏதாவது சோகம் இருந்துதா? காதல், கீதல்..."

தங்கை கிட்டே போய்க் குசுகுசுத்தாள். "செருப்பு கடிச்சுது அத்தான். அக்காவோட செருப்பு, எனக்குச் சின்னது."

"அவ்ளோதானா?"

"முடிச்சுட்டு வீட்டுக்குப் போய் சாப்பிட்டோம்."

இரண்டு நாள் மனுஷர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. மூன்றாம் நாள் முகமெல்லாம் வெளிச்சமாகக் கீழே இறங்கி வந்தார். அவர் முகம் மலர்ந்தால் எங்கோ ஒரு பொய் பிறந்திருக்கிறது என்று அர்த்தம்.

"ரூமை அவளுக்கே விட்டுடறேன்," என்றார்.

"நிஜமாவா?"

"ஒரே ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை நம்ம ஆளுங்க வர்றப்ப அவ அந்த ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருக்கணும். அவ இந்த ஒரு பாட்டைத்தான் பாடினா, பாடி முடிச்ச அன்னிக்கே குரல் போச்சு, அப்புறம் வாயைத் திறக்கவே இல்லைன்னு சொல்லப்போறேன். அவ மறுத்துப் பேசாம இருந்தா போதும்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏங்க, நீங்க மனுஷன்தானா? இத்தனை வருஷமா ஊருக்கே பஸ் சொன்னவ அவ! அவ ஆபரேஷனை எடுத்து உங்க தட்டுக்கு உறை போடப் பாக்கறீங்களா? ஒண்ணும் வேண்டாம், போங்க மேல!"

தங்கை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். காதில் ஏதோ சொன்னாள். அக்கா முறைத்தாள், தங்கை மறுபடி சொன்னாள். கடைசியில் அக்கா வேண்டாவெறுப்பாகத் திரும்பினாள்.

"சரிங்கறா. ஆனா அந்த பிளேயரும் அந்த வெள்ளைத் தட்டும் அவ ரூம்லயே இருக்கணுமாம். அவ பொறுப்புலயாம்."

"இருக்கட்டுமே!" என்றார் புரொபசர், பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷத்தில். "அதுதான் அழகு. பாடினவ, பாட்டு, பிளேயர், எல்லாம் ஒரே இடத்துல. வேற யாருகிட்ட இருக்கு இது?"

கறுப்புத் துணி இறங்கியது. அக்காவே அதைத் துவைத்துத் தேய்த்து மடித்து மூலையில் போட்டாள். அறைக்குக் காற்று வந்தது, கட்டில் வந்தது. மற்ற தட்டுகளையெல்லாம் புரொபசர் மாடிப்படிக்கு அடியில் அடுக்கி, ஆவி வந்துவிடாமல் போர்வை போர்த்தி, குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். ஞாயிறு கூட்டம் வந்தது. அவர் கதை சொன்னார். தங்கை ஜன்னலோரம் கண்ணைத் தாழ்த்தி, தழும்பின்மேல் விரலை வைத்து உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார். அக்கா வயிறெரிய எரியக் கீழே போய்விட்டாள்.

"உனக்கு வெட்கமா இல்லையாடி?" என்று எல்லோரும் போனபின் கேட்டாள்.

"வாரத்துல ஒரு மணி நேரம் அவரோட கதை," என்றது அந்தக் குசுகுசுப்பு. "மீதி நேரமெல்லாம் என் ஜன்னல். விடுக்கா."

அந்த மீதி நேரத்தைப் பற்றித்தான் புரொபசர் யோசிக்கவே இல்லை. பாட்டுத்தட்டை வைத்திருக்கிறவர்கள் அதைப் போட்டுக் கேட்பார்கள் என்கிற சின்ன விஷயம், இத்தனை வருஷமாகத் தட்டு சேர்த்த மனுஷருக்குத் தோன்றவில்லை. திங்கட்கிழமை காலை, கடை திறக்கிற நேரத்தில் மாடியிலிருந்து கணீரென்று இறங்கியது: "நில்லு நில்லு, நானும் வரேன்!" புரொபசர் காபியைச் சிந்திக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

"என்னம்மா இது! வருஷத்துக்கு ஒரு தடவை போடற தட்டும்மா!"

தங்கை தன் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். இன்றைக்குப் பேச வராதாம். பாட்டு முடிந்ததும் ஊசியைத் தூக்கி மறுபடி முதலில் வைத்தாள். பல் துலக்கியதும் ஒருதடவை, சாப்பிட்டதும் ஒருதடவை, கூந்தல் காய வைக்கிறபோது இரண்டு தடவை. மழை வருவதற்குள் அந்தப் பாட்டில் கொரகொரப்பு ஏறிவிட்டது. டிரம் சத்தம் மங்கி, பெண்ணின் குரல் மணல்மேல் நடக்கிற மாதிரி கேட்டது. அது எதற்கும் அவள் கவலைப்படவில்லை. இத்தனை நாள் கேட்காததையெல்லாம் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீயாவது சொல்லேன் அவகிட்ட," என்று புரொபசர் பெண்டாட்டியிடம் மூக்கால் அழுதார். "தேஞ்சு போச்சுன்னா இனி கிடைக்காதுடி. உலகத்துலயே ஒண்ணுதான்."

"மனுஷங்க எப்படியும் சமாளிச்சுக்குவாங்க," என்றாள் அவள், பேன்ட்டை விரித்தபடி. "நீங்களும் சமாளிங்க."

மேலே ஊசி இறங்குகிற சத்தம் கேட்டது. அவள் பாட்டின் தாளத்துக்கு மிஷின் மூடியை இறக்கினாள், புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. பாட்டென்றால் உயிரையே விடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனுஷர், வீட்டில் ஒரு பாட்டு ஓடும்போது மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ வந்து, "புரொபசர் இருக்காரா?" என்று கேட்டார்கள். இருக்கிறார், படியில்தான் என்று அவள் கையைக் காட்டினாள்.